டெலிபோன் தந்தை காலமானார்

தேதியைக் கிழிப்பவர்கள், தேதியை மறப்பவர்கள் என்று இரண்டே வகை மனிதர்கள் இருந்த நாட்டில், தேதியைப் பிடித்து உலுக்கி எடுக்கும் மூன்றாவது இனம் ஒன்று கிளம்பியிருக்கிறது. உங்கள் தெருவிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அடையாளம் சொல்லட்டுமா? காலையில் எதிர்ப்பட்டால் "சாப்ட்டாச்சா?" என்று கேட்கமாட்டார். "இன்னைக்கு என்ன நாள் தெரியுமா?" என்பார். சனிக்கிழமை என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பீர்கள். நடக்காது. எக்ஸ்ரே பிறந்த நாளென்றால் கையில் கட்டுப் போட்டவரைத் தேடிப்போய் வாழ்த்துவார். உலகின் முதல் குறுஞ்செய்தி போன நாளென்றால் உங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததா என்று கேட்க நேரில் வந்துவிடுவார். ஸ்புட்னிக் மேலே போன நாளில் நீங்கள் மொட்டைமாடியில் வற்றல் காயப்போட முடியாது.

குத்துக்கல்வலசை இசக்கிமணி அண்ணாச்சி இந்த இனத்தின் அசல் உருப்படி. போலீஸ் வயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை அவர் பேசினால் மறுமுனையில் யாராவது ஒருவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஓய்வுக்குப் பிறகு அந்தச் சுகம் போய்விட்டது. மனைவி வழிச் சொந்தங்களின் வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் ஆண்டு, நாடு, விஞ்ஞானியின் தாயார் பெயர் உட்பட ஒரு முழம் எழுதிப் போடுவார். பதில்? ஒரு கட்டைவிரல்கூடக் கிடையாது. போதாக்குறைக்கு, குழுவை நடத்தும் மச்சான் சுடலைமுத்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"மாப்ள, நாளைக்கு நீங்க போடுததுக்கு ஒருத்தராவது பதில் போடலன்னா, ஒங்கள குரூப்ப விட்டு எடுத்துருவேன். சுருக்கமா நாலே வார்த்தைல போடப் பாருங்க."

இந்த மச்சானைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாகவேண்டும். தென்காசி பஜாரில் ஒரு காலத்தில் எஸ்டிடி பூத் வைத்திருந்தவர். பூத் போய் செல்போன் உறை விற்கும் கடை வந்துவிட்டது. ஆனால் பட்டப்பெயர் போகவில்லை. சொந்தத்தில் யாருக்கும் சுடலைமுத்து என்றால் சட்டென்று பிடிபடாது. டெலிபோன் என்றால்தான் தெரியும். டெலிபோன் வீட்டுக் காதுகுத்து, டெலிபோன் மகள் சடங்கு, இப்படித்தான் பேச்சு.

மறுநாள் ஆகஸ்ட் இரண்டு. கிரகாம் பெல் இறந்த தினம். அண்ணாச்சி ராத்திரியே எழுதி வைத்திருந்ததை வெட்டினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு என்பதை வெட்டும்போது மட்டும் மனசு வலித்தது. கடைசியில் மிஞ்சியதைக் குழுவில் போட்டார்.

"இன்று டெலிபோன் தந்தை காலமானார். கண்ணீர் அஞ்சலி."

அடுத்த நிமிஷம் தொடங்கியது. கும்பிட்ட கைகள், அழும் முகங்கள், 'ஆழ்ந்த இரங்கல்', 'தங்கமான மனுசன்', 'போன மாசம்கூடப் பார்த்தேனே'. அந்தக் கடைசிப் பதில் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் இடித்தது. புத்தகத்தில் பார்த்திருப்பார்கள் என்று சமாதானம் செய்துகொண்டார். ஒரு விஞ்ஞானிக்காக இப்படி உருகும் சொந்தத்தையா இத்தனை நாள் திட்டினோம் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும், மனைவி வழிச் சித்தப்பா முப்பிடாதி போனிலேயே வந்துவிட்டார்.

"மாப்ள, சங்கதியப் பாத்தேன். எப்ப எடுக்காவ?"

முதல் டெலிபோனை எப்போது எடுத்தார்கள் என்று கேட்கிறார்! என்ன ஞானம்!

"அது அப்பவே எடுத்தாச்சே சித்தப்பா."

"எடுத்தாச்சா? அடப்பாவியளா! நாங்க வருத வரைக்கும் கொஞ்சம் வச்சிருக்கப்பிடாதா?"

அண்ணாச்சி யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து மனைவி சங்கரேஸ்வரி போனும் கையுமாக வந்து வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கய்யாவுக்கு என்னாச்சுங்க? அக்கா அழுதா... வெள்ளன ஐந்தருவிக்குக் குளிக்கப் போனாவளே. தண்ணி ஜாஸ்தியா விழுதுன்னு சொன்னாவளே..."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டெலிபோனின் தந்தை என்றால் இந்தக் குடும்பத்தில் ஒரே ஒருவர்தான். அவருடைய மாமனார்.

பதறிப்போய்ச் செய்தியை அழித்தார். டெலிபோன் பிறந்த ஆண்டு தெரிந்த மனிதருக்கு, எல்லாருக்கும் அழிப்பது எது, தனக்கு மட்டும் அழிப்பது எது என்று தெரியவில்லை. தன் போனில் மறைந்ததும் உலகத்திலேயே மறைந்துவிட்டதாக நினைத்து மூச்சு விட்டார். மாமனாரைக் கூப்பிட்டுப் பார்க்கலாமென்றால், அவர் அருவிக்குப் போனை எடுத்துப் போவதில்லை. அழுகிற மனைவியிடம் பெல் கதையைச் சொல்லத் தைரியம் வராமல், அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், பெல்லை மறந்து, அருவியில் தண்ணீர் குறையவேண்டும் என்று சுடலைமாடனைக் கும்பிட்டுக்கொண்டே போனார். சும்மா சொல்லக்கூடாது, போட்டது பலித்துவிடுமோ என்று மனுஷன் உண்மையிலேயே பயந்துவிட்டார்.

வீட்டுவாசலில் சொந்தம் கூடியிருந்தது. புளியங்குடி வேன் வந்து, மாலைகள் இறங்கிக்கொண்டிருந்தன. டெலிபோன் மச்சான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். சொன்னது வீட்டு மாப்பிள்ளையாயிற்றே, பொய்யா சொல்வார்? அந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. ஈரத்துண்டும் ரம்புட்டான் பையுமாக மாமனார் இறங்கினார்.

"ஏலே, யாரு வீட்லடே துட்டி?"

சங்கரேஸ்வரி ஓடிப்போய் அவர் ஈர மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அய்யா" என்று விம்மினாள். பிறகு திரும்பிப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "மாமா, அது கிரகாம் பெல்லுன்னு ஒரு வெள்ளக்காரரு..."

பெரியவர் கேட்டு முடித்தார். மாலைகளை எண்ணாமல் எண்ணினார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எங்க, நம்ம பங்காளி சிவகிரிக்காரன காணும்?"

"வரல அய்யா."

"வரமாட்டான்னு எனக்குத் தெரியும்" என்று ஒரு மாலையைத் தானே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "ஏலே டெலிபோன், மாப்ளய குரூப்ப விட்டு எடுத்தேன்னா பாத்துக்க. செத்தா எவன் வருவான், எவன் வரமாட்டான்னு உசுரோட பாக்க எவனுக்குலே குடுத்து வச்சிருக்கு? அடுத்த வருசமும் இதே தேதிக்கு எல்லாரும் வரணும்."

இது நடந்தது போன வருஷ அருவி சீசனில். இந்த ஆகஸ்ட் இரண்டில் குழு நிரம்பி வழிந்தது. 'அய்யா திரும்பி வந்த முதலாம் ஆண்டு வாழ்த்துகள்.' சிவகிரிக்காரர் முதல் ஆளாக வேனில் வந்து இறங்கினார். பாயசத்துக்கு அண்டா கொண்டுவர ஓடிய அலைச்சலில் இசக்கிமணி அண்ணாச்சி ஒன்றை அடியோடு மறந்துபோனார். கிரகாம் பெல்லைப் பற்றி அன்றைக்கு ஒரு வரிகூட அவர் போடவில்லை.

பாவம் அந்த வெள்ளைக்காரர் என்கிறீர்களா? இருக்கட்டும். இதை வாசித்து முடித்ததும் போனை எடுத்து, இன்றைக்கு யார் எதைக் கண்டுபிடித்த நாள் என்று தேடலாமா என உங்கள் விரல் லேசாகத் துடிக்கிறதே, அதைக் கவனித்தீர்களா? தேடிக்கொள்ளுங்கள், தப்பில்லை. குழுவில் போடுமுன் மட்டும் உங்கள் மாமனார் எங்கே இருக்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.