பாஸ்டனை வீழ்த்திய பின்னறை

கழுவுவதற்கு இனி ஒரு கரண்டிகூட மிச்சமில்லை. ரெஜான் காலித் தொட்டியைத் துழாவிப் பார்த்தார். கூடத்து டிவியில் மாண்ட்ரியல் ஒரு கோல் பின்தங்கிக் கிடந்தது.

எல்லாம் முதல் ஆட்டத்தில் ஆரம்பித்த வினை. மச்சான் இவோன் வீட்டில் குடும்பமே ஐஸ் ஹாக்கி பார்த்துக்கொண்டிருக்க, ரெஜான் எழுந்துபோய் இரண்டு கிளாஸைக் கழுவினார். அன்று தோற்றாலும், மாண்ட்ரியல் போட்ட ஒரே கோல் அப்போதுதான் விழுந்தது. இரண்டாவது ஆட்டத்தில் சோபாவை விட்டு அவர் அசையவில்லை. பாஸ்டன்காரர்கள் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள்.

"மாப்ளே, நீங்க உக்காந்து பார்த்தா தோக்குறோம், வேலை செஞ்சா கோல் விழுது," என்றார் இவோன். "நான் சொல்லல, ஸ்கோர் சொல்லுது."

மூன்றாவது ஆட்டம் முழுக்க ரெஜான் பாத்திரம் தேய்த்தார். ஜெயித்தார்கள். இது நான்காவது. நாலு ஆட்டம் ஜெயிப்பவனுக்குத்தான் அடுத்த சுற்று.

"மச்சான், பாத்திரம் தீர்ந்துபோச்சு!"

"ஐயையோ, சும்மா நிக்காதீங்க! பின்னறைச் சுவத்துல ஒட்டின பழைய பூக்காகிதம் பிஞ்சு தொங்குது. சுரண்டுங்க, சீக்கிரம்!"

ஒரு முழம் சுரண்டுவதற்குள் கூடத்தில் காது கிழிகிற கூச்சல். சமன்! இரண்டு முழத்தில் வெற்றி.

"நம்ம வீட்டுக் குழாய் எத்தனை நாளா ஒழுகுது, அதைத் தொட்டீங்களா?" என்றாள் மனைவி ஜினெட், காரில் ஏறும்போது.

"அதுக்கு இப்பவா நேரம்? பாஸ்டன் கழுத்துல கத்தி வெச்சிருக்கான்!"

ரெஜான் பேருந்து ஓட்டுநர். காலையில் ஏறுகிறவர்களெல்லாம், "அந்த ரெண்டாவது கோலைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்கள். "பார்த்தேனே, என்ன அடி!" என்பார். சிறுவயதிலிருந்து உயிரை வைத்திருக்கும் அணி. அதன் கோலைச் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டுவிட்டு, பார்த்ததாகப் புளுகும்போது அவருக்கு அழுகையாக வந்தது.

ஐந்தாவது ஆட்டத்தில் தோள் வலித்ததால் ஒரு நிமிடம் கையை உதறினார். பாஸ்டன் கோல். தோல்வி. ஆறாவதில் ஆசை தாங்காமல், சுரண்டியும் கையுமாகக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். அந்தக் கணமே பாஸ்டன் கோல்!

"யாரு இவரை எட்டிப் பார்க்கச் சொன்னது?" கூடமே திரும்பிக் கத்தியது. ஜினெட்டின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

ரெஜான் குற்றவாளிபோல் பின்னறைக்கு ஓடி, மிச்சக் காகிதத்தையும் உரித்து, ஓட்டைகளை அடைத்துத் தேய்த்தார். அவர் மூச்சு வாங்க, தூசியில் தும்ம, ஒருவழியாக ஜெயித்தார்கள்.

ஏழாவது ஆட்டம். ஆளுக்கு மூன்று வெற்றி. இன்று விட்டால் வருடமே போச்சு. ரெஜான் பச்சை பெயிண்ட் அடித்தார். மேல்சுவர், கீழ்ச்சுவர், மூலை. ஆட்டம் சமனில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. இனி முதல் கோல் போடுகிறவன் ஜெயித்தான்.

டப்பாவில் பிரஷ் வறட்டுச் சத்தம் போட்டது.

"மச்சான்! பெயிண்ட் தீர்ந்துபோச்சு!"

சொல்லி வாய் மூடவில்லை, இவோன் புது டப்பாவோடு வாசலில் நின்றார். "இந்தாங்க, ஜன்னல் சட்டத்துக்கு வெள்ளை. கண்ணாடியில வழியாம அடிங்க. மாண்ட்ரியலே உங்க கையிலதான் இருக்கு, மாப்ளே!"

ரெஜான் ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னொன்று.

வீடு அதிர்ந்தது. தெருவில் கார் ஹாரன்கள் அலறின. ஜினெட் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இவோனும் கட்டிக்கொண்டார், ஈரச் சுவரில் படாமல்.

"எப்படிப் போட்டாங்க? யாராவது சொல்லுங்களேன்!"

சொல்ல ஆளில்லை. எல்லோரும் தெருவில் ஆடப் போய்விட்டார்கள். பரவாயில்லை. ஒரு கோலைக்கூடப் பார்க்காவிட்டால் என்ன, பாஸ்டனைத் தோற்கடித்தது தான்தான். ரெஜான் அழுதேவிட்டார்.

மாடியில் குடியிருக்கும் பெண்மணி மதாம் லுபியான் பியர் பாட்டிலோடு இறங்கிவந்தவர், பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டு ரெஜான் முதுகில் தட்டினார்.

"அட, இந்த வருஷம் ராசிக்காரர் நீங்களா? போன வருஷம் என் புருஷன். இந்த வீட்டுக் குளியலறைக்கு ஓடு பாதி பதிச்சிட்டிருக்கும்போதே தோத்துத் தொலைச்சாங்க, பாவம், மீதிக்கு உங்க மச்சான் கூலிக்கு ஆள் வைக்க வேண்டியதாப் போச்சு."