ஒன்பது ஓட்டு வார்டு

அரியலூர் மாவட்டத்தில், பெரம்பலூர் சாலையிலிருந்து சற்றே உள்வாங்கியிருக்கும் வெள்ளைப்பாறை பேரூராட்சியில் வார்டுகள் பதினைந்து. வார்டுக்கு ஒரு கவுன்சிலர், வார்டுக்கு ஒரு தண்ணீர் லாரி. யாருக்கும் எந்தப் பாரபட்சமும் கிடையாது.

நாலாவது வார்டு தையல்காரி பஞ்சவர்ணத்துக்கு மட்டும் இந்தச் சமத்துவம் பிடிபடவில்லை. பத்து வருஷத்துக்கு முன்பு அவள் மூணாவது வார்டில் குடியிருந்தாள். சுண்ணாம்புக்கல் வெட்ட அங்கிருந்த தெருக்களை எடுத்துக்கொண்டார்கள். தெருக்கள் பள்ளமாயின. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நாலாவது வார்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இப்போது நாலில் ஓட்டுகள் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. மூணில், பள்ளத்தோரம் தப்பிய இரண்டு வீடுகளில், ஒன்பது.

அந்த ஒன்பது பேரும் தினம் ஒரு லாரித் தண்ணீரில் குளித்து, துவைத்து, எருமையைக் கழுவி, மிச்சத்தைப் புழுதி அடங்க ரோட்டில் ஊற்றினார்கள். நாலாவது வார்டில் வீட்டுக்கு ஒரு குடம், கூடவே ஒரு சண்டை. அப்படியொரு சண்டையில் பக்கத்து வீட்டு முத்தமிழின் குடம் பட்டு, ஊர்த் துணிக்கெல்லாம் தையல் போட்டவளுக்கு நெற்றியில் மூன்று தையல் விழுந்தது. கட்டோடு நேரே பேரூராட்சி ஆபீஸுக்குப் போனாள்.

செயல் அலுவலர் பரணிதரன் மனுவை இரண்டு முறை படித்தார்.

"வார்டு எல்லையை மக்கள்தொகைக் கணக்குப்படிதான்மா மாத்த முடியும். கடைசிக் கணக்கு 2011. அதன்படி நீங்க எல்லாரும் மூணாவது வார்டுலதான் குடியிருக்கீங்க."

"அங்க நூறடிப் பள்ளம்ல சார் இருக்கு!"

"பள்ளம் கனிமவளத் துறை. நம்ம ஃபைல்ல வராது."

"சரிங்க சார். நான் மூணாவது வார்டுன்னா, அந்த லாரித் தண்ணியில எனக்கும் பங்கு உண்டுல்ல?"

"அதெப்படி? வாக்காளர் பட்டியல்ல உங்க பேரு நாலுல இருக்கே."

"அப்ப நான் மூணாவது வார்டுல எலெக்‌ஷன்லதான் நிக்கணும்" என்றாள் வெறுத்துப்போய்.

பரணிதரன் முகம் மலர்ந்தது. அன்றைக்கு அவர் 'முடியும்' என்று சொல்ல வாய்த்த முதல் விஷயம் அது. "தாராளமா! இந்த ஊர்ல எந்த வார்டு ஓட்டரும் எந்த வார்டுலயும் நிக்கலாம். முன்மொழிய அந்த வார்டுல ஒரு ஆள் இருந்தாப் போதும்."

மூணாவது வார்டின் கவுன்சிலர் ஆண்டவர். தொகுதியின் நாடித்துடிப்பை அறிந்தவர். பாதித் தொகுதிக்கு மேல் அவரோடு ஒரே கூரையின் கீழ்தான் தூங்கியது. அவர் வீட்டில் ஐந்து ஓட்டு, எதிர்வீட்டில் நாலு. பிரச்சாரம் என்று எதுவும் கிடையாது. தேர்தலுக்கு முந்தின நாள் சாப்பிட உட்கார்ந்து ஒரு தடவை தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான்.

எதிர்வீட்டு நாலு பேரும் பஞ்சவர்ணம் பக்கம் சாய்ந்தார்கள். இன்னும் ஒரு ஓட்டு வேண்டும். ஆண்டவர் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து, அவர் மனைவி ஜெயலட்சுமியிடம் போய் நின்றாள்.

"அக்கா, ஒரே ஒரு ஓட்டு."

"நல்லாருக்கே கதை! அவரு என் வூட்டுக்காரரும்மா."

"ரெண்டு தடவை கவுன்சிலர் ஆயிட்டாரு. ஒரு தடவையாவது உங்ககிட்ட வந்து ஓட்டுக் கேட்டிருக்காரா?"

ஜெயலட்சுமி கரைத்துக்கொண்டிருந்த புளியை அப்படியே வைத்தாள். யோசித்துப் பார்த்தாள். கேட்டதில்லை.

ஓட்டு எண்ணினார்கள்: பஞ்சவர்ணம் ஐந்து, ஆண்டவர் நாலு. அன்று ஆண்டவர் வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. மற்ற நாலு பேரும் சத்தியம் செய்தார்கள். அவர்களில் ஜெயலட்சுமி மட்டும் கற்பூரம் ஏற்றிச் செய்தாள்.

முதல் கூட்டத்துக்குப் புதுச் சேலை கட்டிக் கிளம்பினாள் பஞ்சவர்ணம். கையில் தீர்மானம்: மூணையும் நாலையும் ஒன்றாக்கி, ஆளுக்குத் தகுந்தபடி இரண்டு வார்டாகப் பிரிக்க வேண்டும். வாசலில் ஜெயலட்சுமி நின்றாள்.

"எங்க லாரியைப் பிரிச்சுக் குடுக்கவா உனக்குப் போட்டேன்? அடுத்த தடவை நான் ஒருத்தி மாறினாப் போதும், பாத்துக்க."

 ஆனாலும் பஞ்சவர்ணம் போனாள், எழுந்தாள், தீர்மானத்தைப் படித்தாள்.

"இதற்கு ஒரு ஆட்சேபணை மனு வந்திருக்கு" என்றார் பரணிதரன். "மூணாவது வார்டு எல்லையைத் தொடவே கூடாதாம். ஆயிரத்து நூற்று அறுபது கையெழுத்து. எல்லாரும் நாலாவது வார்டு."

முதல் கையெழுத்து முத்தமிழுடையது. அவளே வாசல் பக்கம் நின்றிருந்தாள். பஞ்சவர்ணம் அவளிடம் ஓடினாள்.

"ஏண்டி, உனக்காகத்தானேடி கேக்குறேன்!"

"நீ மட்டும் அஞ்சு ஓட்டுல கவுன்சிலர் ஆவே, நாங்க ஆகக் கூடாதா? அடுத்த தடவை நான் நிக்கிறேன். எங்க தெருவுலயே இருபத்திமூணு பேரு நிக்கிறாங்க. அந்த ஒன்பது பேருக்கும் தினம் ஒருத்தர் வூட்டுல விருந்து. இப்பப் போயி வார்டைக் கலைக்கிறேங்கிறியே!"

பஞ்சவர்ணம் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாலாவது வார்டில் நின்றிருந்தால் எத்தனை வீட்டுப் படி ஏறியிருக்க வேண்டும் என்று மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது.

"தீர்மானத்தை எதிர்க்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் தலைவர்.

பதினாலு கைகள் உயர்ந்தன. கொஞ்சம் பொறுத்து, பதினைந்தாவதும் உயர்ந்தது.

'கொண்டு வந்த உறுப்பினர் உட்பட ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது' என்று பரணிதரன் அழகான கையெழுத்தில் எழுதினார்.