தேவாரத்துக்கு முன் இழுத்த இன்சுலின்

கொக்குவில்.

அன்பு மருமகன் பிரணவனுக்கு,

நானும் உமது மாமி நாகேஸ்வரியும் இங்கே நலம். கடந்த செவ்வாய் நண்பகலை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம்.

நீர் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய, வாயால் இழுக்கும் இன்சுலின் தூள் கிடைத்தது. டாக்குத்தர் என்னை ஒரு குழாயில் ஊதவைத்து நுரையீரலைச் சோதித்தார். சுருட்டும் இல்லை, ஆஸ்துமாவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, "சாப்பாட்டுக்குப் போடுற ஊசிக்குப் பதிலா இதைப் பாவியுங்கோ. இரவு ஊசியை விடேலாது. சாப்பிடத் தொடங்கேக்கை இழுக்கவேணும்" என்றார். தூள் அடைத்த சின்னக் குப்பிகளில் நீலம் நாலு அலகு, பச்சை எட்டு. எனக்கு நீலம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் அம்மன் கோயிலில் அன்னதானம். விரதம் என்பதால் காலையில் ஒன்றும் உண்ணவில்லை. இலை போட்டதும் நீலத்தை இழுத்துவிட்டேன். சாப்பாடு தொடங்கிவிட்டது என்பது என் கணக்கு. பந்தி முழுவதற்கும் பரிமாறித் தேவாரம் பாடி முடியும்வரை இங்கே எவரும் சோற்றைத் தொடுவதில்லை என்பது மருந்துப் பெட்டியில் எழுதப்படவில்லை. அன்று பாடியவர் சிவசுப்பிரமணியம். ஒன்றோடு நிறுத்துகிற ஆள் இல்லை. இந்தத் தூளோ ஊசியைவிட விரைவாக இரத்தத்தில் சேர்வது. மூன்றாவது பதிகத்தில் எனக்கு வியர்த்தது, கண் இருண்டது, தலை தானாக ஆடியது.

"கந்தப்பு அண்ணைக்கு உரு வந்திட்டுது, அம்மன் இறங்கிட்டா!" என்று பக்கத்து இலை நடராசா கத்தினார். பாட்டு இன்னும் உரத்தது.

"சீனி... சீனி..." என்றேன்.

"அம்மாளாச்சி இனிப்புக் கேக்கிறா" என்று சொல்லித் திருநீறு பூசி, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு பெண் காலில் விழுந்து, "தாயே, மகன்ரை விசா வருமோ?" என்று கேட்டாள். "சீனி" என்றேன்.

பெண்கள் பந்தியிலிருந்து உமது மாமி ஓடிவந்தாள். "உவருக்கு அம்மாளாச்சியுமில்லை, ஒண்டுமில்லை! சீனி இறங்கிப்போச்சு, விலகுங்கோ!" என்று பாயாசத்தை அகப்பையோடு என் வாயில் ஊற்றினாள். சற்று நேரத்தில் என் பெயர் எனக்கு ஞாபகம் வந்தது. அவள் சொன்னதைச் சனம் நம்பவில்லை.

ஆகவே மருந்தில் பிழையில்லை. இந்த ஊர்ப் பந்திக்கு அது சரிவராது. ஊசிக்கே திரும்புகிறேன். இனி அனுப்ப வேண்டாம். உமக்கும் என் மகள் மதுராவுக்கும் அம்மன், பாட்டை எதிர்பாராமல், துணையிருப்பாளாக.

இப்படிக்கு,
மாமா கந்தப்பு

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் கோயில் சபைத் தலைவர் வந்தார். அம்மாளாச்சி வாய்விட்டுக் கேட்டும் உடனே கொடுக்காதது குற்றமாம். இனிமேல் எனக்கு முதலில் பரிமாறி, நான் உண்ணத் தொடங்கிய பிறகே தேவாரமாம். இந்த மருந்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. மேலே எழுதியதை விட்டுவிடும்; இரண்டு பெட்டி அனுப்பும். நாகேஸ்வரி சபைக்கு உண்மையை விளக்கப் புறப்பட்டாள். அவளுக்கும் என் பக்கத்தில் முதல் இலை என்றார்கள். இப்போது அவளும் அனுப்பச் சொல்கிறாள்.