படுதாவைத் தொறந்தது யாரு?

ஒரு பொருளைப் பற்றி நிறையத் தெரிந்தவரால்தான் அதை முழுமையாகக் கெடுக்க முடியும். எனக்குப் பட்டைப் பற்றி நிறையத் தெரியும்.

சேலத்தில் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நூலை இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்து, எவ்வளவு தாங்கியது என்று எழுதுவேன். (அறுக்கிறதுக்கா சம்பளம் என்று அப்பா இன்னும் கேட்கிறார்.) ஆனால் பட்டு உண்டாவதை நேரில் பார்த்ததே இல்லை. அதனால், ராசிபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்ட அக்கா போனில், பட்டுப்புழு பழுத்துவிட்டது, கூடு கட்டத் தொடங்கும், ஒரு மத்தியானம் மட்டும் ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டதும், அரைநாள் லீவு போட்டு பஸ் ஏறினேன்.

யார் துணையும் இல்லாமல் அவள் வளர்த்த முதல் புழு அது. கூடு சுத்தமாக வந்தால் ஷெட்டுச் சாவியை அவளிடமே தந்துவிடுவதாக மாமனார் சொல்லியிருந்தார். அன்றைக்கென்று நாத்தனாருக்கு வளைகாப்பு, வீடே கிளம்பியது. போகும்போது அக்கா சொன்னவற்றைப் பட்டியலாகக் குறித்துக்கொண்டேன். ஒன்று, எறும்பு. இரண்டு, பல்லி. மூன்று, மேற்குப் படுதாவைத் திறக்காதே.

மூன்றாவது தூசிக்காக இருக்கும் என்று நானே முடிவுசெய்தேன்.

உள்ளே சாக்குப் படுதாக்களின் இளம் இருட்டு. தட்டுகளில் திராட்சைபோல உடம்பு தெளிந்த புழுக்கள் தலையை அசைத்துக்கொண்டிருந்தன, லைசென்ஸுக்கு எட்டு போடுகிறவர்களின் பொறுமையோடு. புழுவுக்குள் நூல் கிடையாது. தேன் பதத்தில் ஒரு புரதக் குழம்புதான். புழு அதைத் துப்புவதில்லை. ஒரு துளியை ஓரிடத்தில் ஒட்டிவிட்டுத் தலையைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுப்பில்தான் தாறுமாறாகக் கிடந்த புரதச் சங்கிலிகள் நேராகி, நெருங்கி, ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. குழம்பு இழையாகிறது, இழைக்கு வலு வருகிறது. நான் வருஷக்கணக்காக அறுத்ததெல்லாம் இந்தச் சின்னத் தலையசைப்புகளைத்தான்.

இதை வீடியோ எடுக்காமல் இருக்க முடியுமா? வெளிச்சம் போதவில்லை. படுதாவைத் திறந்தேன்.

வெயில் பொன்னாக உள்ளே விழுந்தது. இரண்டு நிமிடம் படம் எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். ஆயிரம் தலைகள் சத்தமில்லாமல் எட்டு போட்டன. எனக்குள்ளும் ஏதோ ஒன்று நேராகி, மென்மையாகி… (தூங்கிவிட்டேன் என்று சொல்லலாம்.)

"என்ன புள்ள பண்ணி வெச்சிருக்கற?"

அக்கா வாசலில் நின்றாள். தட்டுகளின் வெயில்பட்ட பாதி காலி. மறுபாதியில், முகூர்த்த நாளின் ராசிபுரம் பஸ்போலப் புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்று. பழுத்த புழு வெளிச்சத்துக்குக் கூசி ஓடும். நெரிசலில் இரண்டு சேர்ந்து ஒரே கூடு கட்டும். இரண்டின் இழையும் சிக்கிக்கொண்டால் நூலாக எடுக்க வராது. இதெல்லாம் என் பாடத்திட்டத்தில் இல்லை.

அக்கா திட்டவில்லை. பட்டுப்புடவையை மாற்றாமலே உட்கார்ந்து புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து இடம் மாற்றினாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். அழுதது யார் என்று சொல்ல மாட்டேன்.

கூடு எடுக்கும் நாளில் மாமனார் இரட்டைக் கூடுகளைத் தனியே குவித்தார். சின்னக் குவியல் அல்ல. அக்கா வாய் திறக்குமுன் நான் ஒப்புக்கொண்டு, அவள் புழுக்களை இடம் மாற்றி மீட்டதையும் சொல்லி, காரணங்களையும் புரதச் சங்கிலியில் தொடங்கி விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"இத்தன தெரிஞ்சிருக்குது, படுதா எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கத் தோணலீங்களா சாமி?"

பிறகு குவியலைப் பார்த்தார், அதைவிடப் பெரிதாகக் கிடந்த நல்ல கூடுகளையும் பார்த்தார். சாவியை அக்காவிடம் நீட்டினார்.

"போனதுல இத்தன மீட்டிருக்கற. இந்தா, வெச்சுக்க. உந்தங்கச்சி வந்தா மட்டும் பூட்டிப்போடு."

இன்றும் பூட்டுகிறாள். போன பொங்கலுக்கு ஜேடர்பாளையம் அணைக்குக் கிளம்பினோம். காரின் பின்சீட்டில் ஆறு பேர், ஒருவர் மடியில் ஒருவர். முன்சீட்டிலிருந்து மாமனார் திரும்பாமலே கேட்டார்: "படுதாவத் தொறந்தது யாருங்க?"

கையைத் தூக்க இடமில்லை. விரலை மட்டும் தூக்கினேன்.