ஒரு இருமலுக்கு ஓடும் ராட்செட்

சகலை வந்து சேர இன்னும் அரைமணி நேரம் இருக்கும்போது ராட்செட் உயிரை விட்டது.

சத்தமில்லாமல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. 'க்ரீச்' என்று ஒரு கத்தல், கொஞ்சம் கருகிய வாசனை, அப்புறம் ஒன்றுமில்லை. கூடத்தின் நடுவே பாதி எழும்பி நின்ற இரும்பு ரேக்குக்கு முன்னால், பிரேதத்தைக் கையில் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தார் சிக்கனம்.

சிக்கனம் என்பது ஆபீஸில் வைத்த பெயர். விரலுக்குள் அகப்படாத அளவுக்குப் பென்சில் குட்டையான பிறகும், அதைப் பழைய பேனா மூடிக்குள் செருகி எழுதுகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அந்தப் பெயர் எப்படியோ வழி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி மட்டும் நேரில் அப்படிக் கூப்பிடுவதில்லை.

"என்னங்க, ஏதோ கருகற வாசனை வருது?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"உங்க சின்ன வீடு செத்துப்போச்சா?"

"மூச்சு வாங்குது. கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தா எழுந்துரும்."

நட்டு போல்ட் முடுக்குவதற்கான பேட்டரி ராட்செட் அது. ஆறு வருஷத்துக்கு முன்னால், கடையில் இருந்ததிலேயே மலிவானதாகப் பார்த்து சிக்கனம் வாங்கியது. அன்றைக்கு அதே கடையில் பக்கத்திலேயே நின்று, இருந்ததிலேயே விலை கூடியதை வாங்கியவர் மனைவியின் அக்கா கணவர். அதாவது சகலை. வாங்கிய கையோடு சிக்கனத்தின் டப்பாவைத் தூக்கி, எடை பார்ப்பதுபோல் ஆட்டிப் பார்த்தார்.

"சகலை, இது பொம்மை. ஒரு வருஷம் தாங்காது."

"பார்க்கலாம்."

"பார்க்கலாம். யாரோட மிஷின் முதல்ல படுக்குதோ, அவங்க குடும்பத்துக்கு முன்னால எழுந்து நின்னு, 'சகலை, நீங்க சொன்னதுதான் சரி'ன்னு சொல்லணும். சரிதானே?"

சரி என்று சிக்கனமும் தலையாட்டிவிட்டார். மற்றவர்களுக்கு அது ஒரு வரிப் பேச்சு. சிக்கனத்துக்கு அப்படியில்லை. ஃபிரிஜ் வாங்கினதில் சகலை சொன்னது சரி. வீட்டுக்குப் பெயின்ட் அடித்ததில் சகலை சொன்னது சரி. தலையணை உறையில்கூட சகலை சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இன்னும் தோற்காமல் மிச்சமிருந்தது இந்த ராட்செட் ஒன்றுதான்.

அதனால் அவர் அதை வளர்த்த விதம் இருக்கிறதே, பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படி வளர்க்க மாட்டார்கள். முனையில் இருந்த விளக்கு முதலில் போனது. 'வெளிச்சத்துக்கு ஜன்னல் இருக்கு' என்றார். திசை மாற்றுகிற லீவர் உடைந்தது. மனைவியின் ஹேர்பின்னைச் செருகி வளைத்துவிட்டார். பேட்டரி ஆட்டம் கண்டது. இடுக்கில் பழைய பஸ் டிக்கெட்டை மடித்து வைத்து ரப்பர் பாண்டு போட்டார். குளிரில் பேட்டரி எழ மறுத்தால் அக்குளில் வைத்துச் சூடு காட்டுவார். அப்படியும் எழாவிட்டால் பின்பக்கம் செருப்பால் ஒரு தட்டு. எந்த இடத்தில், எவ்வளவு பலத்தில் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

சகலையின் மிஷினோ ராஜா வீட்டுக் கன்றுக்குட்டி. யாரையும் தொடவிட மாட்டார். போன தடவை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, "தூசு பறக்கும், நீங்க உள்ளயே இருங்க," என்று பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ முடுக்கினார். கூடத்தில் தனியாக உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுப் பொருமினார் சிக்கனம். கர்ர்ர் என்று கனமான, சீரான சத்தம். காசு கொடுத்து வாங்கிய சத்தம்.

இப்போது அந்த மனிதர் வருகிறார். ரேக் வாங்கிய செய்தியைப் போனில் மனைவி அக்காவிடம் உளறிவிட்டாள். "நான் வர்ற வரைக்கும் பூட்டாதீங்க. உங்க மிஷினாலேயே பூட்டுங்க, உயிரோட இருக்கான்னு கண்ணால பார்க்கணும்," என்று சகலை சொல்லிவிட்டார். முன்கூட்டியே ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்ததில்தான் இந்தச் சாவு.

சிக்கனம் செருப்பை எடுத்தார். வழக்கமான இடத்தில் ஒரு தட்டு. அசையவில்லை. இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் பின்மூடி திறந்துகொண்டு, உள்ளிருந்த ஸ்பிரிங் ஒன்று துள்ளிப் போய் சோபாவுக்கு அடியில் மறைந்தது. சோபாவை நகர்த்தியதில் பழைய சீப்பும் இரண்டு பொத்தானும் கிடைத்தன. ஸ்பிரிங் இல்லாமலே மூடியை மாட்டி விசையை அழுத்தினார்.

அணைந்து போயிருந்த விளக்கு பளிச்சென்று எரிந்தது. மோட்டார் ஓடவில்லை.

"லைட் எரியுதே," என்றாள் எட்டிப் பார்த்த மனைவி. "பேசாம உண்மையைச் சொல்லிடுங்க. அத்தான் என்ன அடிக்கவா போறார்?"

"அடிச்சா வாங்கிக்குவேன். அந்த வார்த்தைய என் வாயால சொல்ல முடியாது."

"அப்போ எப்படி முடுக்குவீங்க?"

அங்கேதான் ஒரு சின்ன வழி இருந்தது. ராட்செட்டில் ஒரு நல்ல குணம், மோட்டார் போனாலும் பிடியைப் பிடித்துக் கையால் திருப்பினால் நட்டு இறுகும். முதுகைக் காட்டி உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. வேண்டியது சத்தம் மட்டும்தான்.

சிக்கனம் வாயால் கர்ர்ர் என்று ஓட்டிப் பார்த்தார்.

"குறட்டை விடற மாதிரி இருக்கு," என்றாள் மனைவி.

தலை காயவைக்கிற மிஷினை ஓட்டிப் பார்த்தார்கள். அது மூச்சுதான் விட்டது. அப்புறம் மனைவி, "இருங்க," என்று போய் மிக்ஸியைப் போட்டாள். சிக்கனம் எழுந்து நின்றுவிட்டார். கிட்டத்தட்ட அதேதான். வெறும் ஜார் என்பதால் குரல் கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

"உள்ள ஏதாவது போட்டா கனமா வரும்."

"காஞ்ச மிளகா அரைக்கணும்னு எடுத்து வெச்சிருக்கேன். போடவா?"

எப்படியும் ஓடப்போகிற மிக்ஸி, அதிலேயே வீட்டு வேலையும் முடிந்துவிடும். சிக்கனத்துக்கு மனசு குளிர்ந்து போயிற்று. "தாராளமா போடு," என்றார். வேறு எதைப் போடச் சொல்லியிருந்தாலும் பிழைத்திருப்பார்.

"எப்போ ஓட்டணும், எப்போ நிறுத்தணும்னு எனக்கு எப்படித் தெரியும்? இங்கேருந்து கூடம் தெரியாதே."

"ஒரு தடவை இருமினா ஓட்டு. ரெண்டு தடவை இருமினா நிறுத்து."

அழைப்பு மணி அடித்தது.

சகலை எப்போதும்போல் வீட்டை வாங்க வந்தவர் மாதிரி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் அக்கா, கையில் ஒரு டப்பா கடலை மாவோடு. அவள் எப்போது வந்தாலும் அதைத்தான் கொண்டுவருவாள். வீட்டில் ஏற்கனவே ஒரு அலமாரித் தட்டு முழுக்க அவள் கொடுத்த கடலை மாவு உட்கார்ந்திருந்தது.

"எதுக்குக்கா இவ்வளவு?" என்று உள்ளிருந்தே கேட்டாள் தங்கை.

"மிஞ்சிப்போகுதுடி, என்ன பண்ண?" என்று சொல்லிக்கொண்டே சமையலறைப் பக்கம் திரும்பினாள் அக்கா.

"நீ உள்ள வராதக்கா, ஒரே வெக்கை. ஃபேனுக்குக் கீழ உட்காரு."

அக்கா உட்கார்ந்தாள். சகலை நாற்காலியை ரேக்குக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். சிக்கனம் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, ராட்செட்டை நட்டில் வைத்து, தொண்டையைச் செருமி ஒரு தடவை இருமினார்.

கர்ர்ர்ர்.

கையால் திருகினார். நட்டு இறுகியது. இரண்டு தடவை இருமினார். சத்தம் நின்றது. இவ்வளவு அழகாக எதுவும் அவர் வாழ்க்கையில் நடந்ததில்லை.

சகலையின் முகத்தில் ஒரு குழப்பம் வந்து போனது. "சத்தம் அப்படியே என் மிஷின் மாதிரியே இருக்கே, சகலை."

"ஒரே சாமான்தான். விலைதான் வேற."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். "தங்கச்சி உள்ள என்ன பண்றா?"

"வேலையா இருக்கா."

"ஓ," என்றாள் அக்கா.

இரண்டாவது நட்டும் நன்றாகவே போனது. மூன்றாவது நட்டுக்குக் குனிந்தபோதுதான் நெடி கூடத்துக்கு வந்து சேர்ந்தது. சிக்கனத்துக்கு மூக்கு அரித்தது. அடக்கிக்கொண்டார். சகலையால் அடக்க முடியவில்லை. ஒரு தடவை இருமினார்.

கர்ர்ர்ர்.

ராட்செட் அப்போது தரையில் படுத்திருந்தது. சிக்கனம் பாய்ந்து அதை எடுத்து, கிடைத்த நட்டின்மேல் வைத்து அழுத்தினார்.

"நீங்க தொடாமலே ஓடுச்சே?"

"சூடாயிடுச்சுன்னா தானா ஓடும்."

"தானாவா?"

"அதான் இதுல இருக்கிற வசதி."

அக்கா இரண்டு தடவை இருமினாள். சத்தம் நின்றது. சகலை மறுபடி ஒன்று இருமினார். ஓடியது. ஓட ஓட மிளகாய்ப் பொடி இன்னும் கிளம்பியது, கிளம்பக் கிளம்ப இருமல் கூடியது, இருமல் கூடக் கூட உள்ளே மனைவி எண்ணிக்கை தவறாமல் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துக் கடமையாற்றினாள். அவளுக்குக் காதில் விழுந்த ஒவ்வொரு இருமலும் கணவர் கொடுத்த உத்தரவு. சிக்கனம் ராட்செட்டைத் தூக்கிக்கொண்டு சத்தத்தின் பின்னால் ஓடினார். ரேக்கின் காலில் ஒரு திருகு, ஜன்னல் கம்பியில் ஒரு திருகு, ஒரு தடவை சகலையின் நாற்காலியிலும் வைத்துத் திருகினார். அது மரநாற்காலி.

கடைசியில் எல்லோரும் சேர்ந்தாற்போல் மூச்சு முட்டி ஓய்ந்தார்கள். சத்தமும் ஓய்ந்தது. சகலை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"அதை ஒரு தடவை என் கையில குடுங்க."

"வேண்டாம் சகலை. இது என் கைக்குப் பழகினது."

"ஒரே ஒரு நட்டு. அது இறுகிட்டா இங்கயே நின்னு, நீங்க சொன்னதுதான் சரின்னு நானே சொல்லிடறேன்."

சிக்கனத்தின் காதில் அந்த வார்த்தை தேனாகப் பாய்ந்தது. ஆறு வருஷம் அக்குளில் சுமந்ததெல்லாம் இதற்காகத்தானே. கொடுக்கக்கூடாது என்று புத்தி சொன்னது, கை கொடுத்துவிட்டது.

சகலை ராட்செட்டை நட்டில் பொருத்தி விசையை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. சிக்கனம் இருமினார்.

கர்ர்ர்ர்.

சத்தம் சமையலறையில் ஓடியது. சகலையின் கையில் இருந்த மிஷின் எறும்பளவுகூட அதிரவில்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவர் ராட்செட்டைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். அப்புறம் தன் மனைவியைப் பார்த்தார். அக்கா ஃபேனைப் பார்த்தாள். சகலை மெதுவாக விசையிலிருந்து விரலை எடுத்தார். சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்று எழுந்து உள்ளே போனாள்.

தொலைந்தோம் என்று சிக்கனம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அருமையா ஓடுது, சகலை," என்றது சகலையின் குரல்.

சிக்கனம் ஒரு கண்ணைத் திறந்தார்.

சகலை ராட்செட்டை இரண்டு கையாலும், குழந்தையைக் கிடத்துவதுபோல், ரேக்கின் தட்டில் வைத்தார். வைத்துவிட்டு நேராக நின்றார். "நீங்க சொன்னதுதான் சரி."

சொல்லிவிட்டார். சிக்கனம் ஜெயித்துவிட்டார். ஆனால் சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் வெட்கம்தான் வந்தது. கையும் களவுமாகப் பிடித்த பிறகும் காட்டிக் கொடுக்காமல், தன் தோல்வி என்று ஏற்றுக்கொண்டு நிற்கிறாரே, இவரல்லவா மனிதர். இவரைப் போய் இத்தனை வருஷம் அலட்டல் பேர்வழி என்று நினைத்தோமே. சிக்கனத்தின் கண்ணில் நீர் வழிந்தது, அதில் பாதிதான் மிளகாய்.

"சகலை, நான் ஒண்ணு சொல்லணும்..."

"எதுவும் சொல்லாதீங்க," என்றார் சகலை அவசரமாக. "இதைப் பத்தி நாம இனிமே பேசவே வேண்டாம். உங்க மிஷினும் பேச வேண்டாம், என் மிஷினும் பேச வேண்டாம்."

அந்தப் பெருந்தன்மையைச் சிக்கனத்தால் தாங்க முடியவில்லை. முதலில் அந்த மிக்ஸியை நிறுத்தச் சொல்லிவிட்டு, மனைவியையும் அக்காவையும் கூடத்துக்கு அழைத்துவந்து, எல்லோருக்கும் முன்னால் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்து சமையலறைக்கு நடந்தார். அவர் வாசலை எட்டும்போதே சத்தம் நின்றது. உள்ளே அக்கா மிக்ஸியின் ஜாரைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தும்மலோடு தங்கையைக் கடிந்துகொண்டிருந்தாள்.

"மிளகாயைப் போட்டா நெடி வராம என்னடி வரும்? எங்க வீட்டு மிஷின் செத்த நாள்லேருந்து நான் கடலைப்பருப்பைத்தான் போட்டு ஓட்டறேன்."