சுத்தாவின் விடுதலை

உயிர்களிடத்தில் அன்பு உலகத்தில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கலாம். ஆனால் அது முறையாகக் கூட்டம் கூடி, தேநீர் அருந்தி, தீர்மானம் நிறைவேற்றுவது எங்கள் மிருகக்காட்சிசாலையில் மட்டும்தான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் அதன் 'விலங்கு நலன்புரிக் குழு'வின் செயலாளர்.

எங்களிடம் ஒரு கரடி இருக்கிறது. கன்னங்கரேல் என்றிருப்பதால் அதற்குச் சுத்தா, அதாவது சிங்களத்தில் வெள்ளையன், என்று பெயர் வைத்தார்கள். சீமெந்துத் தரை, நாலு பக்கமும் கம்பி, நேரத்துக்குச் சாப்பாடு. அரசாங்க விடுதிகளில்கூட இந்த வசதி கிடையாது. ஆனாலும் அது நாள் முழுக்க ஒரே மூலையில் நின்று தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கும். இது தியானம் என்று எங்கள் தலைவர் அமரதுங்க கண்டுபிடித்தார். உடனே கூண்டின் முன் 'அமைதி காக்கவும்' என்று பலகை வைத்தோம்.

மிருக வைத்தியர் சமுதிகாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. படித்த பெண், வயதும் குறைவு.

"அது தியானமில்ல சேர், வருத்தம். அடைச்சு வச்சே அதுக்கு மண்டை பிசகிப் போகுது," என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

கிண்டுவதற்கு மண்ணும் ஏறுவதற்கு மரமும் வேண்டுமாம். கூண்டுக்குப் பின்னால் மதில் சூழ்ந்த தோப்பு இருக்கிறதே, அதைக் கொடுத்தால் போதுமாம். அந்தத் தோப்பு நிழலில்தான் குழுவினரின் வாகனங்கள் நிற்கின்றன என்பதைத் தலைவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வாகனங்களின் நலனையும் யாராவது பார்க்க வேண்டுமல்லவா?

அப்போதுதான் புத்தர் பிறந்த பௌர்ணமியான வெசாக் வந்தது. ஊரெல்லாம் வெளிச்சக்கூடு கட்டி, வருவோர் போவோருக்குச் சோறு போட்டு, இறைச்சிக்குப் போகும் மாடுகளை மீட்டுப் புண்ணியம் தேடும்போது நாங்கள் சும்மா இருக்கலாமா? ஓர் உயிரை விடுதலை செய்வதென்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. புறா என்றால் சட்டென்று பறந்துவிடும், படம் எடுக்க முடியாது. மலைப்பாம்பை விட்டால் விருந்தினர் முதலில் விடுதலையாகிவிடுவார்கள். ஆக, சுத்தா தேர்வானது. வாகனங்கள் வெயிலுக்கு இடம்பெயர்ந்தன. சமுதிகா சந்தோஷம் தாங்காமல் தோப்பு முழுக்க நடந்து, கண்ணாடித் துண்டுகளையெல்லாம் தானே பொறுக்கினார்.

வெசாக் காலையில் எல்லோரும் வெள்ளை உடுத்து மதிலுக்கு இப்பால் நின்றோம். தலைவர் கயிற்றை இழுத்தார், கதவு உயர்ந்தது. சுத்தா வாசலிலேயே நெடுநேரம் நின்றது. பிறகு ஒரு காலை மண்ணில் வைத்து, எடுத்து, முகர்ந்து பார்த்து, மறுபடி வைத்தது. அப்புறம் பலாமரத்தடிக்குப் போய்க் கறையான் புற்றை மூச்சிரைக்கக் கிண்டத் தொடங்கியது. அன்று முழுக்க அது தலையை ஆட்டவே இல்லை. நாங்கள் விகாரையில் போலக் கைகூப்பி "சாது, சாது" என்றோம். என் கண்கூடக் கலங்கியது, பக்திதான் காரணம்.

பின்னேரம் காவலாளி கித்துள் கருப்பட்டியைக் காட்டி அதைக் கூண்டுக்குள் வரவழைத்துக் கதவை இறக்கினார். சமுதிகா ஓடி வந்தார்.

"என்ன சேர் இது? விடுதலை எண்டீங்களே."

"விட்டாச்சுத்தானே மகள். படம் எடுத்ததைப் பார்க்கேல்லையா?" என்றார் தலைவர்.

"இண்டைக்கு அது ஒருக்காக்கூடத் தலைய ஆட்டேல்ல. நீங்களும் பாத்தீங்கதானே. அங்கயே இருக்கட்டும் சேர். கும்பிட்டுக் கேக்கிறன்."

தலைவர் கல்நெஞ்சர் அல்ல.

"எனக்கும் பாவமாத்தான் கிடக்கு மகள். ஆனா யோசிச்சுப் பாருங்கோ. இப்பவே அங்க விட்டுட்டா, வாற வெசாக்குக்கு நாங்க எதை விடுதலை செய்யிறது?"

குழு ஏகமனதாகத் தலையசைத்தது. இவ்வளவு தூரம் யோசிக்க அந்தப் பெண்ணுக்கு இன்னும் வயது வரவில்லை. கம்பியைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றார். உள்ளே சுத்தா நகத்தில் ஒட்டிய மண்ணை நக்கி முடித்துவிட்டு மூலைக்குப் போனது.

மறுநாள் வாகனங்கள் நிழலுக்குத் திரும்பின. கருணை காட்டுவது அப்படியொன்றும் சுலபமில்லை, ஐயா. வருடத்தில் ஒரு நாள் திறந்துவிடும் அந்தப் புண்ணியத்துக்காக, மிச்ச நாளெல்லாம் நாங்கள் சலிக்காமல் பூட்டி வைக்கிறோம்.