சுபஸ்ரீயின் வேலை நேரம் ஒன்பது முதல் ஆறு வரை

ஸ்ரீரங்கம்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் செந்தமிழன் அவர்களுக்கு,

ரெங்கராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கை பிரேமலதாவும் மகள் சுபஸ்ரீயும் சுகம். கைலாசபுரத்தில் தாங்களும் அக்காவும் தங்கள் மகன் பூவரசனும் சுகம் என்பது நேற்று போனில் நீங்கள் பேசிய சத்தத்திலேயே தெரிந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசும் வழக்கம் தங்களுக்கு இருப்பதால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன். தனியாக இருக்கும்போது படிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை பூவரசனின் பயோடேட்டாவோடு வருவதாகவும், சுபஸ்ரீ தன் கம்பெனியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் சொன்னீர்கள். தாய்மாமன் கேட்டு மறுக்கக்கூடாது. மறுக்கவில்லை. சுபஸ்ரீக்கு வேலை இல்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

கேம்பஸ் இன்டர்வியூவில் அவள் தேர்வானது உண்மை. ஆஃபர் லெட்டரைப் பெருமாள் சன்னதிக்குக் கொண்டுபோய், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, லேமினேஷன் செய்து ஹாலில் மாட்டினேன். நீங்களே அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டீர்கள். சேர வேண்டிய தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று அதில் ஒரு வரி இருந்தது. மஞ்சளுக்கு அடியில் இருந்ததால் நாம் யாரும் கவனிக்கவில்லை. பதினான்கு மாதமாகியும் தேதி வரவில்லை. மூன்றாவது மாதம் எதிர்வீட்டு இருசம்மாள் என்னை வாசலில் நிறுத்தி, "ஏங்க, பாப்பா இன்னும் சென்னைக்குப் போகலீங்களா?" என்று கேட்டார். "வீட்லேருந்தே வேலைங்க" என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் வீடு அலுவலகமாயிற்று. ஒன்பது முதல் ஆறு வரை சுபஸ்ரீயின் அறைக்கதவு மூடியிருக்கும். மிக்ஸி ஒன்பது மணிக்கு முன்னால்தான். குக்கர் விசில் அடிக்கப் போகும் நேரத்தில் பிரேமலதா ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுவாள். அதனால் பருப்பு பல மாதமாக வேகவில்லை. முப்பத்தொரு வருடம் அரசு வேலை பார்த்த நான், நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடியும் அலுவலகத்தை முதன்முதலில் என் வீட்டில்தான் பார்த்தேன்.

அடுத்து இருசம்மாள், சுபஸ்ரீயின் கம்பெனியில் சேர்த்துவிடச் சொல்லித் தன் மகனின் பயோடேட்டாவைக் கொண்டுவந்தார். பெண் பார்ப்பதற்காக அடித்தது. சிம்ம ராசி, மக நட்சத்திரம், உயரம், மாநிறம் எல்லாம் இருந்தது. "அப்பா, எனக்கே இல்லாத வேலைய நான் யார்கிட்டப்பா சிபாரிசு பண்றது?" என்றாள் சுபஸ்ரீ. "திருப்பிக் கொடுத்தா சந்தேகம் வரும்மா, உள்ள வெச்சிக்க" என்றேன். அவளுக்கும் ஆறு மணி வரை வேறு வேலை இல்லை. நட்சத்திரத்தை நீக்கிவிட்டு, அவன் உப்பிலியபுரத்தில் மாமாவின் விதைக் கடையில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்ததை விற்பனை அனுபவமாக எழுதி, எங்கெங்கோ அனுப்பினாள். மூன்றாவது வாரம் அவனுக்கு வேலை கிடைத்தது. பிறகு என்னோடு வேலை பார்த்த தாஜுதீன் பாய் தன் மகள் ரிஃபானாவின் பயோடேட்டாவைக் கொடுத்தார். அவளுக்குத் தில்லை நகரில் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. பாய் பிரியாணியோடு வந்து, "மாஷா அல்லாஹ், உங்க பொண்ணு சொன்னா கம்பெனி கேக்குது" என்றார். இப்படிப் பதினோரு பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்தத் தெருவில் வேலை இல்லாமல் இருப்பது சுபஸ்ரீ ஒருத்திதான்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள்: "எல்லாருக்கும் எழுதறேனேன்னு எனக்கும் புதுசா ஒண்ணு எழுதிப் பாத்தேன்பா. ரெண்டு வரியில முடிஞ்சுபோச்சு. பதினாலு மாசம் என்ன பண்ணினேன்னு கேட்டா என்னத்த சொல்றது?" பிரேமலதா எழுந்து போய் இல்லாத குழம்பைச் சூடு பண்ணினாள்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட மட்டும் வரவும். பயோடேட்டா வேண்டாம். அதைப் பார்த்தால் குழந்தை முகம் வாடிவிடும். அக்காவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். சொன்னால் கைலாசபுரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அக்காவுக்கு நமஸ்காரம். பூவரசன் சீக்கிரம் வேலையில் அமர்ந்து தீர்க்காயுசாக இருக்கப் பெருமாள் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
ரெங்கராஜ்

பி.கு.: இன்று சனிக்கிழமை. ஸ்டாம்ப் வாங்க மறந்ததால் கடிதம் மேசையிலேயே இருந்துவிட்டது. மேலே கண்டவற்றை எழுதாததாகக் கருதவும். ரிஃபானாவின் முதலாளி, மூன்று பேருடைய விண்ணப்பங்கள் ஒரே ஆள் எழுதியதுபோல இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார். எழுதியது சுபஸ்ரீ என்று அவள் சொல்லிவிட்டாள். புதன்கிழமை சுபஸ்ரீயைக் கூப்பிட்டு, பதினான்கு மாதம் என்ன செய்தாய் என்றுதான் முதலில் கேட்டாராம். இவள் பதினோரு பேரையும் சொன்னாள். வியாழன் முதல் அங்கேயே வேலை. எட்டரை மணி பஸ்ஸில் டிபனும் ஃபைலுமாகப் போகிறாள். மிக்ஸி ஓடுகிறது. பருப்பு வெந்தது.

இன்று காலை இருசம்மாள் என்னை நிறுத்திக் குரலைத் தாழ்த்தி, "பாப்பாவுக்கு வேலை போயிடுச்சாங்க? ஃபைல எடுத்துகிட்டு வெயில்ல வேலை தேடி அலையுதே, மனசு கேக்கல. எம் பையன் கம்பெனில சொல்லச் சொல்றேன், பயோடேட்டா ஒண்ணு கொடுங்க" என்றார். எவ்வளவு விளக்கியும், "வெளிய சொல்ல மாட்டேங்க, பயப்படாதீங்க" என்கிறார். மறுக்க மனம் வராமல் கொடுத்துவிட்டேன். ராசி, நட்சத்திரத்தையும் போடச் சொன்னார். போட்டிருக்கிறேன்.

இனித் தபாலில் போட்டால் நாளைக்குள் வந்து சேராது. நீங்கள் வரும்போது கையில் தருகிறேன்.